இடது முன் சில்லின் உள் பிரேக் பாட் மட்டும் தேய்வது ஏன்?

கேள்வி இதுதான். 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்சியோ; ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் நகருக்கு நாளாந்தம் ஓடுகிறது. முன் பிரேக் பாட் (சில்லோடு சுற்றும் டிஸ்கில் உராய்ந்து காரை நிறுத்தும் கட்டைகள்) நான்கையும் கழற்றி அளந்ததில் இடது உள் பாட்டில் 1 மில்லிமீற்றரும் இடது வெளிப் பாட்டில் 7 மில்லிமீற்றரும் மிச்சம். வலது உள் 5, வலது வெளி 6. புதிதாகப் பூட்டும்போது நான்கும் 11. பிரேக் மிதிக்காமல் ஓடும்போதே கார் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது. இடது சில்லில் கறுப்புத் தூள் அதிகம், ஓடி வந்து நிறுத்தினால் அந்தச் சில்லு சுடுகிறது. இதற்கு முதல் போட்ட பாட்டும் இப்படியேதான் போனது. கராஜில், “பாட் சரியில்லை, நல்ல கொம்பனிப் பாட் போடுங்கோ” என்கிறார்கள். அது சரியா?

சரியில்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிய நான்கில் மூன்று ஏறக்குறைய ஒழுங்காகத் தேய்ந்து, ஒன்று மட்டும் இரும்பைத் தொடுகிற நிலைக்கு வந்திருக்கிறது. அதுவும் இரண்டாவது தடவை, அதே இடத்தில். பாட்டின் தரம் குறைவென்றால் நான்கும் சேர்ந்தே கரைந்திருக்கும். அந்தச் சில்லில் ஏதோ ஒன்று இறுகி நிற்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எவ்வளவு விலைக்குப் பாட் வாங்கிப் போட்டாலும் இதே நிலைதான் திரும்ப வரும். நீங்கள் நான்கையும் தனித்தனியாக அளந்து எழுதியது பெரிய உதவி. பல கராஜ்களில் பழைய பாட்டைக் கழற்றிய கையோடு ஒரு மூலையில் எறிந்துவிடுவார்கள், எது எந்தப் பக்கத்தது என்பது பிறகு யாருக்கும் தெரியாது. கழற்றும்போதே பாட்டின் பின் தகட்டில் ‘இ.உள்’, ‘இ.வெளி’ என்று மார்க்கரால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அளக்கும்போது பின் தகட்டைச் சேர்க்காமல் உராயும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். தகடே 5, 6 மில்லிமீற்றர் வரும், அதையும் சேர்த்துப் பார்த்து “இன்னும் நிறைய இருக்கு” என்று விடுகிறவர்கள் உண்டு.

இந்தப் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதைவிட எப்படி விடுகிறது என்பதைத்தான் இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் காரின் முன் கலிப்பரில் (பாட்டை டிஸ்கில் அழுத்தும் கவ்வி) ஒரேயொரு பிஸ்ரன், அது உள்பக்கம் இருக்கிறது. மிதித்தால் பிஸ்ரன் உள் பாட்டை டிஸ்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் அதைத் தாங்கும் இரண்டு ஸ்லைட் பின்களில் (வழுவழுப்பான ஊசிகள்) வழுக்கி உள்பக்கம் நகர்ந்து, வெளிப் பாட்டையும் டிஸ்கோடு சேர்த்து இழுக்கும். காலை எடுத்தவுடன் பாட்டைப் பின்னால் இழுக்க இங்கே பலமான ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்ரனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு றப்பர் சீல், மிதிக்கும்போது கொஞ்சம் முறுகி, விடும்போது தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பலில் பிஸ்ரன் ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னம் அளவுக்குப் பின்னே வரும். பிரேக் விடுவதற்கு இருப்பது அவ்வளவுதான். பிஸ்ரனிலோ, பின்னிலோ, பாட்டின் காதிலோ (இரு முனையிலும் நீட்டி நிற்கும் பகுதி) கொஞ்சம் கறள் பிடித்தாலும் அந்தச் சிறு விசை தோற்றுவிடும். பிடிக்கிற விசை மிகப் பெரியது என்பதால் மிதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும், விடும்போதுதான் சிக்கும். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்பதை வைத்து கலிப்பர் சுகமாக இருக்கிறதென்று முடிவெடுக்க முடியாததும் இதனால்தான்.

இனி உங்கள் எண்களைப் பார்ப்போம். வலது பக்கத்தில் உள் பாட் 6 தேய்ந்திருக்கிறது, வெளிப் பாட் 5. இது சாதாரணம், உள் பாட் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடத் தேய்வதில் பயப்பட ஒன்றுமில்லை. இடது பக்கத்தில் உள் பாட் 10 தேய்ந்திருக்கிறது, வெளிப் பாட் 4 மட்டும். அதாவது இடது வெளிப் பாட் வலது வெளிப் பாட்டைவிடக் குறைவாக வேலை செய்திருக்கிறது. இந்தக் குறிப்பு முக்கியமானது. கலிப்பருக்குப் பிரேக் ஒயில் கொண்டுவரும் றப்பர்க் குழாயான பிரேக் ஹோஸ் உள்ளே அடைபட்டு ஒயில் அழுத்தம் திரும்பாமல் நின்றிருந்தால், கலிப்பர் இரண்டு பாட்டையுமே பிடித்துக்கொண்டிருக்கும், இடது பக்க இரண்டும் தேய்ந்திருக்கும். இங்கே ஒன்றுதான் தேய்ந்திருக்கிறது. ஆகவே சந்தேகம் முதலில் மூன்று இடங்களில்: உள் பாட்டின் காது அதைத் தாங்கும் பிறாக்கெட்டில் இறுகியிருப்பது, பிஸ்ரன் முழுதாகப் பின்வராதது, ஸ்லைட் பின் வழுக்காதது. ஸ்லைட் பின் மட்டும் இறுகியிருந்தால் மிதிக்கும்போது இடது பக்கம் பலம் குறைந்து கார் வலதுக்கு இழுக்கும். நீங்கள் சொல்வது மிதிக்காத நேரத்தில் இடதுக்கு இழுப்பது, சில்லு சுடுவது. எனவே உள் பாட் டிஸ்கை விட்டு விலகவில்லை. காதும் பிஸ்ரனும்தான் முன்னுக்கு வருகின்றன. வெளிப் பாட் குறைவாகத் தேய்ந்திருப்பதால் ஸ்லைட் பின்னும் சேர்ந்து இறுகியிருக்க இடமுண்டு. கறள் என்று வந்தால் அது ஒரு இடத்தோடு நிற்காது.

நீங்கள் ஓடுகிற பாதையையும் சொல்ல வேண்டும். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். சோளகம் அடிக்கும் மாதங்களில் உப்புக் காற்று நேராகச் சில்லுக்குள் போகும், மாரியில் றோட்டில் தேங்கும் தண்ணீரும் உவர் கலந்தது. காரைநகர்ப் பக்கம் பொன்னாலைப் பாலத்தால் வருகிறவர்களுக்கும், கல்லுண்டாய் வெளியால் நாளாந்தம் போய்வருகிறவர்களுக்கும் இதே கதைதான். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வார்ப்பிரும்புப் பிறாக்கெட் அதில் அரிக்கப்படும். அதற்கு மேல் நாங்களே செய்கிற ஒரு காரியம்: பின்னேரம் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் காரைக் கழுவி, சில்லுக்குள்ளும் ஹோஸ் பிடித்து, அப்படியே விடியும்வரை நிறுத்திவிடுவது. கழுவினால் ஒரு கிலோமீற்றர் தூரம் ஓடி, ஏழெட்டுத் தடவை மெதுவாக மிதித்து டிஸ்கையும் பாட்டையும் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள். முடிந்தவரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

இப்போது வேலை. முற்றத்து மணலில் ஜக் வைப்பதென்றால் அடியில் தடித்த பலகை ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் ஜக் சரியும். பின் சில்லுகளுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்ராண்டும் வையுங்கள். சில்லைக் கழற்றுவதற்கு முன், கியரை நியூற்றலில் விட்டு, காலால் பிரேக்கை நன்றாக ஒருதரம் மிதித்து விட்டபின் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். மெல்லிய உராய்வுச் சத்தம் இருக்கலாம், ஆனால் கையால் தள்ளிய வேகத்தில் சில்லு கொஞ்சமாவது தானே சுற்ற வேண்டும். வலதையும் அதேபோல் சுற்றி ஒப்பிடுங்கள். இடது இறுக்கமாக நின்றால் அந்த நிலையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கலிப்பரில் ஒயிலை வெளியே விடுவதற்கு இருக்கும் பிளீடர் நிப்பிளில் ஒரு ரியூப்பைப் பூட்டி, மறுமுனையை போத்தலுக்குள் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஒயில் பீறிட்டு வந்து சில்லு உடனே இலகுவானால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது: ஹோஸ் அல்லது அதற்கு மேலே. நிப்பிளைத் திறந்தும் சில்லு இறுகியே நின்றால் ஒயிலில் குற்றமில்லை, கலிப்பரில்தான் இருக்கிறது. பார்க்கச் சில நிமிடம் எடுக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் மாஸ்ரர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஒயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் பகுதி) வரைக்கும் மாற்றிப் பணத்தைக் கரைக்கிறவர்கள் உண்டு.

கலிப்பரின் இரண்டு போல்ற்றையும் கழற்றி (பெரும்பாலும் 14 ஸ்பனர் போதும்) கலிப்பரைத் தூக்கும்போது அதை ஹோஸில் தொங்க விடவே வேண்டாம். கம்பி ஒன்றால் சில்லுக்கு மேலுள்ள பெரிய ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பாரம் தாங்கி உள் றப்பர் கிழிந்த ஹோஸ், மிதிக்கும்போது ஒயிலைப் போகவிட்டு, விடும்போது திரும்பவிடாது. இந்தத் தடவை தொங்கவிட்டால் அதுவே அடுத்த தடவை நோயாக வரக்கூடும்.

முதலில் பாட்டின் காதைப் பாருங்கள். பழைய உள் பாட்டை அதன் இடத்தில் வைத்தபடியே விரலால் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். விரலால் அசைய வேண்டும். சுத்தியலோ ஸ்குறூ டிறைவரோ தேவைப்பட்டால் அதுவே காரணம். பாட்டை எடுத்தபின், காது ஓடுகிற பள்ளத்தில் மெல்லிய எவர்சில்வர்த் தகட்டுக் கிளிப் ஒன்று இருக்கும். அது பளபளப்பாகத்தான் தெரியும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. கிளிப்பைக் கிளப்பினால் அதன் அடியில் பிறாக்கெட்டின் இரும்பு செதில் செதிலாகக் கறள் கட்டிப் பொங்கியிருக்கும். இரும்பு கறளாகும்போது பருமன் கூடும், அது கிளிப்பை உள்ளே தள்ளிப் பள்ளத்தை ஒடுக்கும், காது அதற்குள் கவ்வப்பட்டுவிடும். கம்பித் தூரிகையாலும் தட்டை அரத்தாலும் அந்தக் கறளை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். இரும்பை அராவி வெட்டக்கூடாது, கறளை மட்டும். பிறகு புதிய கிளிப் போடுங்கள். பாட் பெட்டிக்குள் கிளிப் வராவிட்டால் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சில மலிவுப் பாட்களின் காதில் பெயின்ற் தடிப்பாக இருக்கும், புதிய பாட்டே இறுகும். அப்போது அராவ வேண்டியது பாட்டின் காதில் உள்ள பெயின்ற்றை, பிறாக்கெட்டை அல்ல. எங்கள் பக்கத்துக் கார்களில் உள் பாட் மட்டும் தேய்வதற்கு நான் முதலில் சந்தேகிக்கும் இடம் இதுதான், கராஜ்களில் கவனிக்காமல் விடப்படுவதும் இதுதான். கிளிப்பைக் கழற்றாமல் மேலால் ஒரு துடைப்புத் துடைத்துப் புதுப் பாட்டைத் தட்டி ஏற்றிவிடுவார்கள்.

அடுத்தது ஸ்லைட் பின். இரண்டையும் இழுத்து எடுங்கள். நல்ல பின் கையால் தள்ள உள்ளே போய், கையால் இழுக்க வெளியே வரும், சுற்றினால் சுற்றும். எடுத்ததும் எது மேல், எது கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள்: பல கார்களில் ஒன்று வெறும் பின், மற்றதில் நுனியில் ஒரு சிறிய றப்பர் வளையம் இருக்கும், இடம் மாறினால் பிறகு சிக்கும். பழைய கிறீஸைத் துடைத்து, பின்னிலுள்ள கறளை மெல்லிய எமரித் தாளால் எடுத்து, துவாரத்துக்குள்ளும் துணி சுற்றிய குச்சியால் சுத்தமாக்குங்கள். பின்னில் குழி விழுந்திருந்தால் எமரி போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கிறீஸ் விடயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். சில்லுப் பெயாரிங்குக்குப் போடும் மஞ்சள் கிறீஸ் கராஜில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அதைத்தான் பூசிவிடுவார்கள். அது பெற்றோலிய எண்ணெயில் செய்தது. பின்னிலுள்ள றப்பர் வளையத்தையும் தூசி றப்பரையும் அது ஊதப்பண்ணும். ஊதிய றப்பர் துவாரத்துக்குள் பின்னை இறுக்கிப் பிடித்துவிடும். கிறீஸ் போட்ட பிறகுதான் கூட இறுகியது என்று ஆட்கள் சொல்வது இதைத்தான். சிலிக்கன் அடிப்படையிலான பிரேக் கிறீஸ் என்று கேட்டு வாங்குங்கள், சிறிய ரியூப் ஒன்று பல தடவைக்குக் காணும். அளவு ஒரு பின்னுக்குக் கடலைப் பருப்பளவு. துவாரத்தை நிரப்பினால் காற்று வெளியேற இடமில்லாமல் பின் உள்ளே போய் மறுபடி வெளியே தள்ளும், அதுவும் ஒருவகைச் சிக்கல்தான். கடைசியாகத் தூசி றப்பரின் உதடு அதன் பள்ளத்தில் சுற்றிவர இருந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வெளியே நின்றால் ஒரே மாரியில் உள்ளே தண்ணீர் போய்விடும்.

மூன்றாவது பிஸ்ரன். பழைய பாட்டை அதன் முகத்தில் வைத்து, சீ வடிவக் கிளாம்பால் மெதுவாக இறுக்கி உள்ளே தள்ளுங்கள். தள்ளும்போது நிப்பிளைத் திறந்து ரியூப் வழியாகப் பழைய ஒயிலை வெளியே எடுப்பது நல்லது. கலிப்பரில் கிடந்த அழுக்கு ஒயில் ஏ.பி.எஸ். (சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) பெட்டிக்குள் திரும்பிப் போகாது, மேலேயுள்ள பிரேக் ஒயில் தாங்கியும் நிரம்பி வழியாது. பிஸ்ரன் முழுதாக உள்ளே போனதும், கிளாம்பை எடுப்பதற்கு முன்னமே நிப்பிளை மூடிவிட வேண்டும். நிதானமான கைப்பலத்தில் ஒரே சீராகப் பிஸ்ரன் உள்ளே போக வேண்டும். பாதியில் நின்று, பிறகு திடீரென்று நகர்ந்தால் கறள். தூசி றப்பரின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள்: உள்ளே காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். மண்ணிறத் தூளோ ஈரமோ இருந்தால் றப்பர் எங்கோ கிழிந்திருக்கிறது. ஸ்குறூ டிறைவரால் பிஸ்ரனை நெம்பித் தள்ளும் பழக்கமே இந்தக் கிழிசலுக்குப் பெரிய காரணம்.

புதுப் பாட் போட்ட உடனேயே பிரேக் பிடித்துக்கொள்கிற கார்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாட் தேயத் தேய பிஸ்ரன் வெளியே வந்துகொண்டிருக்கும். வெளியே நிற்கும் பகுதியில், தூசி றப்பர் கிழிந்திருந்தால், கறள் ஏறும். பாட் தேய்ந்திருக்கும் வரை அந்தக் கறள் பகுதி சீலுக்கு வெளியே இருப்பதால் ஒன்றும் தெரியாது. தடித்த புதுப் பாட் போடுவதற்காக பிஸ்ரனை முழுதாக உள்ளே தள்ளினால் கறள் பிடித்த பகுதி நேராகச் சீலுக்குள் போய் இறுகும், சீலையும் கீறும். ஆகவே “பழைய பாட்டோடு நன்றாகத்தான் ஓடியது, புதுப் பாட்தான் பிழை” என்ற முடிவுக்கு வருவது இயல்பு, ஆனால் பிழை பிஸ்ரனில். உங்களுக்கு இரண்டு தடவையும் அதே பாட் போனதில் இதற்குப் பங்கிருக்கலாம்.

பிஸ்ரன் இறுகியிருந்தால் கலிப்பர் கிற் வாங்கி முழுதாகக் கழற்ற வேண்டும். கிற்றில் சதுர வெட்டு சீலும் தூசி றப்பரும் இருக்கும். பிஸ்ரனைக் காற்றழுத்தத்தால் வெளியேற்றுவார்கள். எதிரே ஒரு மரத்துண்டை வைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில், விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் செய்ய வேண்டும். விரல் நசுங்கிப் போகிற அளவு வேகத்தில் அது பாயும். சீல் தொடும் பகுதியில் குழி விழுந்த பிஸ்ரனை எமரி போட்டுத் திரும்பப் பூட்டக்கூடாது. சீல் உட்காரும் பள்ளத்துக்குள் காய்ந்து படிந்த கறளையும் மரக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் புதுச் சீலும் சரியாக முறுகித் திரும்பாது. கழுவுவதற்கு பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், றப்பர் கெடும். பிரேக் கிளீனர் அல்லது மெதிலேற்றட் ஸ்பிரிற், பிறகு பூட்டும்போது சீலிலும் பிஸ்ரனிலும் புதிய பிரேக் ஒயிலைப் பூசினால் போதும். றீகண்டிசன் கலிப்பர் வாங்கிப் பூட்டுவதென்றாலும் அதைத் திறந்து புதுக் கிற் போட்டுத்தான் பூட்ட வேண்டும். ஜப்பானில் பனிக்கு உப்புத் தூவும் றோட்டில் ஓடிய காரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், வெளியில் அடித்த பெயின்ற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இவை மூன்றும் சுகமாக இருந்து, நிப்பிள் திறந்தபோது சில்லு இலகுவானால் ஹோஸைப் பாருங்கள். ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்தியும் சில்லு இறுகியே நின்று, நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுகிறதென்றால் ஹோஸ்தான், வேறு சந்தேகம் தேவையில்லை. வெளியில் வெடிப்பில்லாமல் புதிதுபோல இருக்கும், உள்ளேதான் சதை பிரிந்திருக்கும். மேலே தளர்த்தும்போதே விட்டால் மாஸ்ரர் சிலிண்டர் பக்கம் போக வேண்டும், ஆனால் அப்போது ஒரு சில்லு மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது அரிது. நான்கு சில்லும் சேர்ந்து இறுகுகிற கார் வந்தால் முதலில் பிரேக் ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து அதன் உள் றப்பரைப் பாருங்கள். அது நெளிந்து, ஊதி, இடத்தில் அடங்காமல் நின்றால் யாரோ பவர் ஸ்ரியறிங் ஒயிலையோ எஞ்சின் ஒயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து கலிப்பர்கள் வரை றப்பர் உள்ள எல்லாமே மாற்ற வேண்டிவரும். தாங்கியின் மூடியில் டொட் 3 என்றோ டொட் 4 என்றோ எழுதியிருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும். டொட் 5 சிலிக்கன் ஒயில், இவற்றோடு சேராது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம்தான் பிஸ்ரனை உள்ளிருந்து கறளாக்குகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பாதி போத்தலை மூடி அலுமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்ற வேண்டாம்.

வேறு மாதிரித் தேய்ந்திருப்பவர்களுக்கும் கொஞ்சம். வெளிப் பாட் மட்டும் தேய்ந்தால் ஏறக்குறைய எப்போதும் ஸ்லைட் பின்தான்: மிதிக்கும் பலத்தில் கலிப்பர் நகர்ந்துவிடுகிறது, விடும்போது திரும்புவதில்லை. இதில் ஒரு ஆபத்து உண்டு. பல கார்களில் தேய்மானத்தைச் சொல்லிக் கீச்சிடும் சிறு தகடு உள் பாட்டில்தான் இருக்கிறது, வெளிப் பாட் இரும்புக்கு வந்தாலும் சத்தம் முன்கூட்டி வராது. ஒரே பாட் ஒரு முனையில் தடிப்பு, மறு முனையில் மெலிவு என்று ஆப்பு வடிவில் தேய்ந்தால் இரண்டு பின்களில் ஒன்றுதான் இறுகியிருக்கிறது, அல்லது ஒரு பக்கக் காது. ஒரு பக்கச் சில்லின் இரண்டு பாட்டும் மெலிந்து மறு பக்கம் புதிதுபோல இருந்தால், மெலிந்த பக்கம்தான் பிழை என்று அவசரப்பட வேண்டாம். தடித்த பக்கம் வேலையே செய்யாமல் இறுகிக் கிடந்து, மற்றப் பக்கம் இரண்டு பேரின் வேலையைச் செய்திருக்கலாம். மிதிக்கும்போது கார் மெலிந்த பக்கம் இழுத்து, மிதிக்காதபோது நேராக ஓடினால் தடித்த பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள்.

பின் சில்லிலும் டிஸ்க் உள்ள கார்களில், ஹாண்ட் பிரேக் கலிப்பரோடு சேர்ந்திருந்தால் பிஸ்ரனைக் கிளாம்பால் தள்ளக்கூடாது, அதற்குரிய கருவியால் சுற்றிச் சுற்றி உள்ளே அனுப்ப வேண்டும். பிஸ்ரன் முகத்திலுள்ள வெட்டும் உள் பாட்டின் முதுகிலுள்ள முளையும் பொருந்தி இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பாட் சரிந்து உட்கார்ந்து ஆப்பாகத் தேயும். பெரும்பாலான அக்சியோக்களில் பின்னால் டிரம் என்பதால் உங்களுக்கு இது தேவைப்படாது.

அக்குவா, பிறியஸ் போன்ற ஹைபிரிட்களில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பாட் மிக நீண்ட காலம் போகும். பாட் தடிப்பாக இருக்கிறதென்று யாரும் திறந்து பார்ப்பதில்லை, அதற்குள் காதும் பின்னும் கறளில் ஒட்டிவிடும். வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து ஓடுகிறவர்கள் வீட்டில் நிறுத்தி வைக்கும் கார்களுக்கும் இதே நோய்தான். இப்படியான கார்களில் பாட் தேய்ந்ததோ இல்லையோ வருடம் ஒருமுறை, மாரி தொடங்க முன், கழற்றிச் சுத்தமாக்கிக் கிறீஸ் போட வேண்டும். ஆனால் அக்குவா, பிறியஸ் வகையில் மேலே சொன்ன நிப்பிள் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். சாரதிக் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் விழித்து அழுத்தம் ஏற்றும். காரை நிறுத்திச் சில நிமிடம் விட்டு, 12 வோல்ற் பற்றரியைக் கழற்றிய பின்தான் கலிப்பரைத் தொடலாம். ஒயில் எடுக்கிற வேலை ஸ்கேனர் உள்ள இடத்தில்.

திரும்ப உங்கள் காருக்கு வருகிறேன். பாட் நான்கையும் மாற்றுங்கள், இடதை மட்டும் அல்ல. மிச்சமிருக்கும் 7 மில்லிமீற்றர் பாட்டை உள்ளே மாற்றிப் போட்டு ஓடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். உள்ளும் வெளியும் வடிவம் வேறு, தேய்ந்த முகமும் டிஸ்கின் மறு பக்கத்துக்குப் பொருந்தாது. டிஸ்கின் உள் முகத்தை ரோர்ச் அடித்துப் பாருங்கள், வெளியிலிருந்து தெரிவது வெளி முகம் மட்டும்தான். ஆகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்று டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே வந்திருந்தாலோ, நகம் சிக்கும் ஆழத்தில் கோடு விழுந்திருந்தாலோ இரண்டு டிஸ்கையும் சேர்த்து மாற்றுவது அல்லது தடிப்பு இடம் கொடுத்தால் லேத்தில் முகம் எடுப்பது. தூளைக் காற்றடித்துப் பறக்கவிட வேண்டாம், மூச்சுக்குள் போகக்கூடாத தூள் அது. ஈரத் துணியால் துடையுங்கள். பாட் முகத்திலும் டிஸ்கிலும் கிறீஸ் கை படக்கூடாது. சில்லு நட்டுக்களை ரோர்க் ஸ்பனரால் 103 நியூட்டன் மீற்றருக்குக் குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள்.

சில்லைப் பூட்டியதும் காரை எடுக்க முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும், பிஸ்ரன் பின்னே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பிரேக் இருக்காது. பிறகு வல்லை வெளி மாதிரி நீண்ட, நெரிசலில்லாத நேர் றோட்டில், விடியற்காலையில், 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை சீராகக் குறைப்பதைப் பதினைந்து தடவை செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அரைக் கிலோமீற்றராவது பிரேக் தொடாமல் ஓடி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி முழுதாக நிறுத்தி வைக்க வேண்டாம்.

இந்த வேலை முடியும்வரை அந்தக் காரில் ஓட வேண்டாம். 1 மில்லிமீற்றர் என்பது சில நாள் ஓட்டத்தில் இரும்புக்கு வரும், அதன்பின் டிஸ்க் தப்பாது, மழையில் பண்ணைப் பாலத்தில் அவசரமாக மிதிக்க நேர்ந்தால் கார் எந்தப் பக்கம் திரும்பும் என்றும் சொல்ல முடியாது. பூட்டி ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் இடது சில்லை மட்டும் கழற்றி இரண்டு பாட்டையும் அளந்து பாருங்கள். பிரேக் தொடாமல் பத்துக் கிலோமீற்றர் ஓடி வந்து இரண்டு முன் சில்லுகளின் சூட்டையும் கையைக் கிட்டப் பிடித்து ஒப்பிடுங்கள். டிஸ்கைத் தொட வேண்டாம். உள்ளுக்கும் வெளிக்கும் அரை மில்லிமீற்றருக்குள் வித்தியாசம் நின்று, சூடும் ஒரே அளவாக இருந்தால் வேலை சரி. அதற்கு மேல் போனால் அளவுகளை எழுதுங்கள், கிற் போட்ட கலிப்பரா பழையதா என்பதையும் சேர்த்து.